முகாம் அடுப்பும் பாத்திரமும்

(சாரண ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



கூடாரம் அடிப்பதைப் பற்றியும், முடிச்சுப் போடுவதைப் பற்றியும், திசைகாட்டியைக் கொண்டு வழி அறிவதைப் பற்றியும், முதலுதவியைப் பற்றியும் வல்லவர்கள் பலர் இந்தப் பந்தலில் ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள். எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் விஷயம் பாத்திரம். முகாமுக்கு எந்தப் பாத்திரத்தை எடுத்துச் செல்வது, எடுத்துச் சென்றதை எப்படிக் காப்பாற்றுவது என்ற இந்த விஷயம் மற்றவற்றோடு ஒப்பிட்டால் அற்பமானது என்று சிலர் கருதக்கூடும். பகலெல்லாம் மலை ஏறி வந்த பையன்கள், அடியில் தீய்ந்தும் நடுவில் வேகாமலும் கிடக்கும் சோற்றை இரவு ஒன்பது மணிக்கு முன்னால் வைத்துக்கொண்டு விழிக்கும்போது, பகலில் அவர்கள் கற்ற பாடம் அத்தனையும் அவர்கள் மனத்தை விட்டு அகன்றுவிடுகிறது என்பதை முகாம் நடத்தியவர்கள் அறிவார்கள். அரிசி நல்லதாக இருந்தும், விறகு உலர்ந்ததாக இருந்தும், சமைத்த பையன் கருத்துள்ளவனாக இருந்தும் சோறு கெட்டுப்போவதற்குப் பல சமயங்களில் பாத்திரம் ஒன்றே காரணமாக இருக்கிறது.

1907 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சாரண இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் அவர்கள் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பையன்களைத் திரட்டி முதல் சாரண முகாமை நடத்தினார். அடுத்த ஆண்டில் அவருடைய சாரணர் நூல் வெளிவந்தது. நம் சென்னையிலே அன்னி பெசண்ட் அம்மையார் தொடங்கிய இந்தியச் சாரணர் சங்கம், 1921 இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. பின்னர், சுதந்திர இந்தியாவில், 1950 நவம்பர் 7 ஆம் தேதி பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. கொடி நம்முடையதாயிற்று, பாட்டு நம்முடையதாயிற்று, உறுதிமொழியையும் நம் மொழியிலேயே சொல்லுகிறோம். ஆனால் முகாமுக்குச் சாமான் எழுதும் ஜாபிதா மட்டும் இன்றைக்கும் பெரும்பாலும் ஆங்கில நூல்களிலிருந்து எடுத்த ஜாபிதாவாகவே இருந்து வருகிறது. அந்த ஜாபிதாவை ஒதுக்கி வைத்துவிட்டு, நம்முடைய சோறு, நம்முடைய புளி, நம்முடைய விறகு ஆகிய மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

அந்த நூல்களிலே வரும் ‘மெஸ் டின்’ என்ற நீள்சதுரப் பெட்டியை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒன்றினுள் ஒன்று அடங்கும் இரண்டு தட்டங்களும், மடங்கும் கைப்பிடிகளும் கொண்ட அந்தச் சாதனம், ஒரு போர்வீரன் தன் முதுகுப் பையிலே வைத்துத் தனக்கு மட்டும் தேநீர் கொதிக்கவைத்துக்கொள்ளவும், தனக்கு மட்டும் இறைச்சித் துண்டை வாட்டிக்கொள்ளவும் மிகவும் பொருத்தமானது. கிராமத்துக் கடையிலே ரொட்டியை வாங்கிக்கொண்டு, உருளைக்கிழங்கை அவித்துக்கொண்டு பசியாறும் நாட்டிலே அதுவே போதும். உருளைக்கிழங்கு எந்த வடிவமான பாத்திரத்திலும் வேகும். எட்டுப் பையன்கள் கொண்ட ஓர் அணி, ஒரே அடுப்பிலே பொங்கி, வட்டமாக உட்கார்ந்து, சோறும் குழம்பும் ரசமும் மோரும் உண்ணும் நம் முகாமிலே, நீள்சதுரப் பெட்டியின் மூலைகளிலே சோறு ஒட்டிக்கொள்வதும், அந்த மூலைகளிலே விரல் நுழையாமல் பாத்திரம் நாறத் தொடங்குவதும் தவிர வேறு பலன் இல்லை.

சோற்றுப் பாத்திரத்தின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் முகாம்களில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வளரும் பையன் ஒருவனுக்கு வேளைக்கு 150 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால், எட்டுப் பேருக்கு 1,200 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கொள்ளும் அரிசி ஆகிறது. கஞ்சி வடித்துச் சமைப்பதானால் அரிசியைப் போல் ஐந்து மடங்கு தண்ணீராவது உலையில் இருக்க வேண்டும். அப்போது அரிசியும் நீருமாக ஒன்பது லிட்டர் வரை வந்துவிடுகிறது. பொங்கி வழியாமல் இருக்க மேலே கால் பங்கு இடம் விட வேண்டியிருப்பதால், 12 லிட்டர் கொள்ளும் பாத்திரம் அவசியமாகிறது. அதே அரிசியை, கஞ்சி வடிக்காமல், அளந்து நீர் வைத்துப் பொங்குவதானால் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தண்ணீரே போதும்; 7 லிட்டர் பாத்திரம் தாராளமாக இடம் கொடுக்கும். பாத்திரத்தின் அளவு ஏறக்குறைய பாதியாகிறது, விறகும் நேரமும் குறைகின்றன, மலைமேல் சுமந்து கொண்டுவர வேண்டிய தண்ணீரும் குறைகிறது.

வீட்டிலே தாய்மார்கள் கஞ்சி வடிக்கிறார்களே, சோறு உதிரியாகவும் இருக்கிறதே, வடித்த கஞ்சி குடிப்பதற்கும் ஆகிறதே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலே அடுப்பு மேடை உண்டு, வடிதட்டு உண்டு, ஆண்டுக்கணக்கான பழக்கம் உண்டு. முகாமிலே, மூன்று கற்களின் மேல் கொதித்துக்கொண்டிருக்கும் ஒன்பது கிலோ பாரத்தை, பன்னிரண்டு வயதுப் பையன் ஈரத் துணியால் பிடித்து இறக்கி, மேடுபள்ளமான மண்தரையிலே மூடியைப் பொத்திக்கொண்டு சாய்க்க முற்படும் காட்சியை என்னால் மன அமைதியோடு பார்க்க முடிவதில்லை. கொதிக்கும் கஞ்சி, தண்ணீரைப் போல வழிந்து ஓடிவிடாது. பட்ட இடத்திலே ஒட்டிக்கொண்டு, சதையைச் சுட்டுக்கொண்டே இருக்கும். ஆகையால் முகாமிலே கஞ்சி வடிப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, அளந்த நீர் கொதித்தபின் போட்டு, நீர் சுண்டிச் சோற்றின் மட்டத்துக்கு வந்தவுடனே எரியும் விறகை வெளியே இழுத்துவிட்டு, கனிந்த தணலைப் பரப்பி, மூடியைப் போட்டு, மூடியின் மேலும் நாலு தணலை வைத்துக் கால்மணி நேரம் கை வைக்காமல் விட்டுவிட்டால், சோறு பருக்கை பருக்கையாக நிற்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பெரிய தேக்சாக்களில் பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் கையாளும் முறை இதுவே. நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் அவர்கள் நம்பியிருக்கும் முறையை எட்டுப் பேருக்குச் சமைக்கும் நாம் தயங்காமல் நம்பலாம்.

இந்த முறைக்கு ஏற்ற பாத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்றால், முதலாவது அதற்குப் பொருத்தமான மூடி இருக்க வேண்டும். அந்த மூடி தணலைத் தாங்கும்படி தட்டையாகவும், விளிம்பு சற்று எழும்பியதாகவும் இருக்க வேண்டும். மூடியில்லாத பாத்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் முகாமுக்கு வாங்காதீர்கள். இரண்டாவது, அடியும் பக்கமும் சேரும் இடம் மூலையாக இராமல் வளைந்து இருக்க வேண்டும். மூன்று கல் அடுப்பிலே வளைந்த அடி நன்றாக அமரும், தீயின் நாக்கு அதைத் தழுவி மேலேறும், உள்ளே கரண்டி தடையின்றிச் சுழலும். மூன்றாவது, மேலே தூக்குவதற்கு வளையக் கைப்பிடி இருத்தல் நலம். நம் வீடுகளிலே பால் வாங்கவும் பலகாரம் எடுத்துச் செல்லவும் வைத்திருக்கும் தூக்குப் போணியைப் பாருங்கள்: மூடி உண்டு, வளையம் உண்டு, அடி வளைவு உண்டு, மூன்று கழிகளை நாட்டி நடுவே தொங்கவிட்டாலும் நேராக நிற்கும். ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் அடுக்குகளும் நம் பாத்திரக் கடைகளிலே தலைமுறை தலைமுறையாக விற்கப்படுகின்றன. முகாம் சாமான் என்று தனிப்பெயர் சூட்டி, தனி விலை போட்டு விற்கப்படும் சரக்கில் முக்கால் பங்கு, கும்பகோணத்துப் பாத்திரக் கடைத்தெருவிலே வேறு பெயரில் கிடைப்பதுதான்.

இனி உலோகத்தைப் பற்றி. ஒரே அளவும் ஒரே கனமும் உள்ள இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொண்டால், பித்தளையிலே செய்தது அலுமினியத்திலே செய்ததைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நிறை இருக்கும். செம்பு அதற்கும் சற்று மேல். சுமப்பவர்கள் சிறுவர்கள் என்பதை நினைத்தால், சோற்றுப் பாத்திரத்துக்கு அலுமினியத்தை விட்டு வேறொன்றை நாடுவது கடினம். இந்த உலோகத்துக்கும் சென்னைக்கும் உள்ள சம்பந்தம் பலருக்குத் தெரியாது. 1886 இல் அமெரிக்காவிலே ஹாலும் பிரான்சிலே ஹெரூவும் மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் முறையைத் தனித்தனியே கண்டுபிடிக்கும் வரையில் அது விலையுயர்ந்த அபூர்வப் பொருளாக இருந்தது. அந்த உலோகம் மலிவான சில ஆண்டுகளுக்குள்ளாகவே, சென்னைக் கலைத்தொழிற் பள்ளியிலே ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர், 1898 ஆம் ஆண்டளவில், நம் கன்னார்களைக் கொண்டு அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். பித்தளையையும் செம்பையும் தட்டிப் பழகிய கைகளே இந்தப் புது உலோகத்தையும் தட்டிக் குண்டானாகவும் சட்டியாகவும் ஆக்கின. ஏழைக் குடும்பங்களின் அடுப்பிலே அது இடம் பிடித்ததற்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது.

அலுமினியத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அது சூட்டை வெகு விரைவாகப் பரப்பும். நாம் எவர்சில்வர் என்று அழைக்கும் துருப்பிடிக்காத எஃகு, 1913 இல் ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி கண்டறிந்தது முதல் உலகெங்கும் பரவியிருக்கிறது என்றாலும், சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தின் பதினைந்தில் ஒரு பங்குதான் அதற்கு வலிமை. ஆகவே மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தை விறகுத் தீயிலே வைத்தால், தீ நேரே படும் இடம் மட்டும் சிவக்கச் சுட்டு, அந்த வட்டத்திலே சோறு கருகும். அதற்கு ஒரு சாண் தள்ளி அரிசி இன்னும் விறைத்தே கிடக்கும். அடிக்குச் செம்போ அலுமினியமோ சேர்த்து ஒட்டிய எவர்சில்வர் இந்தக் குறையை நீக்குகிறது, ஆனால் கனம் கூடிவிடுகிறது.

இவ்வளவு சிறப்புடைய அலுமினியத்தை ஒரு விஷயத்தில் மட்டும் நம்பக்கூடாது. அது புளி. அலுமினியத்தின் மேல் காற்றுப்பட்ட உடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி, உலோகத்தைக் கவசமாகக் காக்கிறது. புளிப்பு அந்தப் படலத்தைக் கரைக்கும். சூட்டோடும் உப்போடும் சேர்ந்த புளிப்பு இன்னும் வேகமாகக் கரைக்கும். ஆங்கில நூலாசிரியர்கள் இதைப் பெரிதாகச் சொல்லாததற்குக் காரணம், அவர்கள் சமையலிலே அவ்வளவு புளிப்பு இல்லாமையே. நாமோ காலையில் புளிக்குழம்பு, மாலையில் ரசம், நடுவில் மோர் என்று நாள் முழுவதும் புளிப்போடு வாழ்கிறவர்கள். குழம்பையும் ரசத்தையும் எவர்சில்வரிலே கொதிக்கவிடுங்கள். அவை நீர்த்த பதார்த்தங்களாகையால் கொதிக்கும் நீரே சூட்டைச் சமமாகப் பரப்பிவிடும், அடிபிடிக்கும் பயம் குறைவு. உப்பை மட்டும் நீர் கொதித்த பிறகு போட்டுக் கலக்குங்கள். குளிர்ந்த நீரிலே போட்ட உப்பு அடியிலே தங்கினால் எவர்சில்வரிலும் சிறு சிறு புள்ளிக் குழிகள் விழும். வண்டி போகும் இடத்திலே, ஒரே ஊரில் பத்து நாள் தங்கும் முகாமாக இருந்தால், பக்கத்துச் சந்தையிலே ஒரு மண்சட்டியை வாங்கிக் குழம்பு வையுங்கள்; புளிக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. முகாம் முடிந்ததும் அதை ஊரில் வேண்டுபவருக்குக் கொடுத்துவிட்டு வரலாம்.

பித்தளையையும் செம்பையும் வைத்திருப்பவர்கள் ஈயப் பூச்சைப் பார்க்காமல் அவற்றை அடுப்பில் ஏற்றக்கூடாது. பூச்சுத் தேய்ந்த இடத்திலே புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய குழம்பை உண்ட பையன்கள் ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுப்பார்கள். ஈயம் பூசுகிறவர் வேலை செய்வதைப் பையன்களுக்கு ஒருமுறையாவது காட்டுங்கள். பாத்திரத்தைப் புளியாலும் மணலாலும் துலக்கிக் கரி அடுப்பின் மேல் பிடித்துத் துருத்தி ஊதி, சூடேறியவுடன் ஒரு சிட்டிகை நவச்சாரத்தூளை உள்ளே போடுகிறார். வெண்புகை குப்பென்று எழுகிறது. வெள்ளீயக் குச்சியை ஓர் இடத்திலே தொடுகிறார்; அது மெழுகாக உருகி நிற்கிறது. பஞ்சுச் சுருளால் ஒரே வீச்சாகத் துடைக்கிறார். மங்கிக் கிடந்த உட்புறம் முழுவதும் வெள்ளியாக மின்னுகிறது. அந்த வெள்ளீயம் 232 டிகிரி சூட்டிலே உருகிவிடும். எனவே ஈயம் பூசிய பாத்திரத்தை நீரில்லாமல் தீயில் வைக்கக்கூடாது, அதிலே எண்ணெய் காய்ச்சித் தாளிக்கவும் கூடாது. தாளிப்பதற்கு ஓர் இரும்புக் கரண்டி தனியே இருக்கட்டும். ரசத்துக்குப் பேர்போன ஈயச்சொம்பை முகாமுக்கு எடுத்துச் செல்வது உசிதமன்று. நீர் வற்றியதைப் பையன் கவனிப்பதற்குள் சொம்பே உருகி அடுப்பிலே இறங்கிவிடும். பூசுகிறவர் வைத்திருப்பது வெள்ளீயந்தானா, காரீயம் கலந்த மலிவுச் சரக்கா என்று விசாரித்து அறிவதும் ஆசிரியருடைய பொறுப்பு, காரீயம் விஷம்.

எனாமல் பாத்திரம் ஒருமுறை கீழே விழுந்தால் சில்லு பெயரும். பெயர்ந்த சில்லு சோற்றோடு கலக்கும். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டிகள் 260 டிகிரிக்கு மேல் போனால் பூச்சுச் சிதையத் தொடங்கும். விறகுத் தீக்கு அந்த வரம்பு தெரியாது. டைட்டேனியம் என்ற உலோகத்திலே செய்த மிக இலேசான பாத்திரங்கள் இப்போது மலையேறுகிறவர்களிடையே பிரசித்தமாகியிருக்கின்றன. தனியே நடப்பவர் வெந்நீர் வைத்துக்கொள்ள அவை உதவும், ஆனால் எவர்சில்வரைப் போலவே சூட்டைப் பரப்பாதவை, மெல்லியவை, சோறு பொங்க ஏற்றவை அல்ல.

மலையிலே முகாமிடும்போது இன்னொரு சிரமம் குறுக்கிடுகிறது. 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் நீர் கொதிக்கும் சூடு குறைகிறது. உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பையன்கள் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து விறகை மேலும் மேலும் தள்ளுவார்கள். கொதிக்கும் நீரின் சூடு அதனால் ஒரு டிகிரிகூட ஏறாது. ஆவியாகிப் போகும் நீர்தான் அதிகமாகும். துவரம்பருப்பு இரண்டு மணி நேரமானாலும் மசியாமல் நிற்பதற்கு இதுவே காரணம். ஊறவைத்த பாசிப்பருப்பை எடுத்துச் செல்வது ஒரு வழி. குக்கரை எடுத்துச் செல்வது மற்றொரு வழி. 1679 இல் டெனி பப்பான் என்ற பிரெஞ்சு அறிஞர் அமைத்த நீராவிப் பாத்திரத்தின் வழிவந்த இந்தக் குக்கர், ஆவியை உள்ளே அடக்கிச் சூட்டைச் சுமார் 120 டிகிரிக்குக் கொண்டுபோகிறது. மலையிலும் அது நூறைத் தாண்டிவிடும். ஆனால் குக்கரை ஒருபோதும் விறகுத் தீயிலே வைக்காதீர்கள். பக்கவாட்டில் ஏறும் தழல் ரப்பர் வளையத்தையும், பாதுகாப்பு வால்வையும், கைப்பிடியையும் பொசுக்கிவிடும். தழலை உடனே தணிக்கவும் முடியாது. திருகைத் திருகித் தணிக்கக்கூடிய எண்ணெய் அடுப்போ வாயு அடுப்போ இருந்தால் மட்டுமே குக்கர். மூடுவதற்கு முன்னால் மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஆவித்துளை வழியே வானம் தெரிகிறதா என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். பருப்பு நுரை அடைத்த துளையே விபத்துக்குக் காரணமாகிறது.

அடுப்பின் சுபாவத்தை அறிந்தே பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் இதிலிருந்து விளங்கும். 1892 இல் சுவீடன் தேசத்திலே லிண்ட்க்விஸ்டு என்பவர் அமைத்த பிரைமஸ் அடுப்பு முதல் இன்றைய சிறு வாயு அடுப்பு வரையில், தீ நடுவிலே ஒரு கைப்பிடி அளவு இடத்திலேயே குவிந்து எரிகிறது. அதற்குத் தட்டையான, கனமான அடி வேண்டும். மாசி முதல் வைகாசி வரையில் நம் மலைக்காடுகளிலே சருகு காய்ந்து கிடக்கும் காலத்தில், வனத்துறையார் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும், விறகுத் தீ மூட்டுவதை நாமே தவிர்க்க வேண்டியவர்களாகையால், முகாம் எந்த மாதத்தில் என்பதை நிச்சயித்த பின்பே பாத்திரத்தின் அடி வளைவா தட்டையா என்பதை நிச்சயிக்க முடியும்.

கரண்டியை வாங்க வேண்டாம். கொட்டாங்கச்சியைச் சுரண்டி வழவழப்பாக்கி, இரண்டு துளையிட்டு, மூங்கில் காம்பு செருகினால் அகப்பை ஆயிற்று. அலுமினியத்தை அது கீறாது, ஈயப் பூச்சைத் தேய்க்காது, கையைச் சுடாது. முகாமின் முதல் நாள் மாலையிலே ஒவ்வோர் அணியும் தன் அகப்பையைத் தானே செய்துகொள்ளட்டும். இலை கிடைக்கும் இடத்திலே தட்டும் சுமக்க வேண்டியதில்லை. தைத்த மந்தாரை இலைக் கட்டு ஒன்று, எட்டுத் தட்டுகளின் பாரத்திலே சிறு பங்குதான்.

இனிப் பராமரிப்பு. நம் நாட்டிலே பல வீடுகளில் ஆண்பிள்ளைகள் உண்ட தட்டை உண்ட இடத்திலேயே விட்டு எழுந்து போகிறார்கள். அதைத் துலக்குகிற கை தாயினுடையதாகவோ தமக்கையினுடையதாகவோ இருக்கிறது. முகாமுக்குச் சமையற்காரரையும் பாத்திரம் துலக்கும் அம்மாளையும் கூலிக்கு அழைத்துச் செல்லும் பள்ளிகளை நான் அறிவேன். அப்படிச் செய்யும் பள்ளிகள், முகாம் கற்பிக்கக்கூடிய மிகச் சிறந்த பாடத்தைக் காசு கொடுத்துத் தள்ளிவிடுகின்றன என்று மனவருத்தத்தோடு சொல்லுகிறேன். ஆசிரியர் முதலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரியேறிய குண்டானின் முன்னால் உட்கார வேண்டும். அவர் துலக்கத் தொடங்கினால் பையன்கள் தாமாகவே வந்து உட்காருவார்கள்.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை. விறகு அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் பாத்திரத்தின் வெளிப்புறத்திலே குழைத்த களிமண்ணை மெல்லியதாகப் பூசிவிட்டால், பிறகு ஈரத் துணியால் துடைத்தவுடனே கரி மண்ணோடு கழன்று வந்துவிடும். பாட்டிமார் சாம்பலைக் குழைத்துப் பூசுவது உண்டு. பித்தளைக்கு அது சரி, அலுமினியத்துக்குச் சரியன்று. விறகுச் சாம்பலிலே காரம் இருக்கிறது. புளிப்பைப் போலவே காரமும் அலுமினியத்தின் மேற்படலத்தைக் கரைத்துவிடும். பித்தளையைப் பளபளப்பாக்கும் அதே சாம்பலும், அதே சலவைச் சோடாவும் அலுமினியத்தைக் கறுப்பாகவும் சொரசொரப்பாகவும் ஆக்குவதற்குக் காரணம் இதுவே. அலுமினியத்துக்குத் தேங்காய் நாரும் சீயக்காய்த் தூளும் போதும். ஈயம் பூசியதற்கு நாரும் வேண்டாம்; பீர்க்கங்கூடே போதும், மணல் கூடவே கூடாது. எண்ணெய் பழகிய இரும்புச் சட்டியைச் சோப்பிட்டுத் தேய்க்காமல், வெந்நீரில் கழுவித் தணலின் மேல் ஒரு நிமிஷம் காட்டி உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெயைத் துணியால் தடவி வைத்தால் அது பேரன் காலம் வரைக்கும் உழைக்கும். வெளிப்புறத்தில் கெட்டியாகப் பிடித்த கரியைச் சுரண்டி எடுக்கப் பையன்களை வருத்தாதீர்கள். கறுத்த அடி தீயின் சூட்டை நன்றாகவே ஏற்கும். உதிரும் கரியைத் துடைத்து, பாத்திரத்தைத் துணிப்பையிலே போட்டுக் கட்டினால் மற்றச் சாமான்களில் கரி படாது.

ஓடையிலே இறங்கிப் பாத்திரம் துலக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்த வேண்டும். அந்த நீரைக் கீழே ஒரு கிராமம் குடிக்கிறது. வாளியிலே நீரை மொண்டு, ஓடைக்கு இருநூறு அடி தள்ளி வந்து துலக்கி, எச்சில் நீரை ஆழமற்ற ஒரு குழியிலே ஊற்றி மண் மூடுங்கள். சோற்றுப் பருக்கையும் குழம்புச் சட்டியும் இரவிலே வெளியே கிடந்தால் காட்டுப்பன்றியும் கரடியும் வரும். பன்றி உருட்டிய குண்டானை நேராக்கிக் கொடுக்கக் காட்டிலே கன்னார் இல்லை. எனவே இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் இரவிலேயே துலக்கப்பட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பாத்திரத்திலே மிஞ்சிய மோரும் புளிக்குழம்பும் எட்டு மணி நேரம் உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும்.

சோறு அடிபிடித்துவிட்டால் கத்தியை எடுக்க வேண்டாம். பாத்திரம் சூடாக இருக்கும்போதே குளிர்ந்த நீரை ஊற்றவும் வேண்டாம், அடி நெளிந்துவிடும். ஆறவிட்டு, நீர் ஊற்றி ஊறவைத்து, மறுபடியும் மெல்லக் கொதிக்கவைத்தால் தீய்ந்த பொருக்கு தானாக விட்டுக்கொடுக்கும். அகப்பையால் தள்ளி எடுத்துவிடலாம். நாட்பட்டு உட்புறம் கறுத்த அலுமினியத்திலே ஒரு துண்டுப் புளியையோ எலுமிச்சைத் தோலையோ போட்டு நீரைக் கொதிக்கவைத்துக் கொட்டினால் கறுப்பு நீங்கும். அன்றாடம் புளியைக் கொதிக்கவைப்பது கெடுதல், எப்போதாவது ஒருமுறை இப்படிச் செய்வது சிகிச்சை.

முகாம் முடிந்து ஊர் திரும்பியவுடனே பாத்திரப் பெட்டியை மூடி அறையிலே தள்ளிவிடாமல், எல்லாவற்றையும் மறுபடியும் கழுவி, ஒருநாள் முழுவதும் வெயிலிலே கவிழ்த்து உலர்த்துங்கள். உப்பு ஈரத்தோடு அடுக்கிய அலுமினியத்திலே வெள்ளைப் புள்ளிகள் விழுந்து, நாளடைவில் அவை ஊசித்துளைகளாகும். ஒன்றினுள் ஒன்றை வைக்கும்போது நடுவே காகிதம் இருக்கட்டும், மூடிகளை இறுக்கிப் போடாமல் தனியே வையுங்கள், குக்கரின் ரப்பர் வளையத்தைக் கழற்றி வேறாக வையுங்கள். காதுகளைப் பிடித்திருக்கும் ஆணிகளை விரலால் அசைத்துப் பார்த்து, ஆடுகிற ஆணி உள்ள பாத்திரத்தில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் செய்யுங்கள். அதை அடுத்த முகாமுக்கு முன்னால் அல்ல, அந்த வாரத்திலேயே பட்டறைக்கு அனுப்ப வேண்டும். கொதிக்கும் குழம்போடு ஒரு காது கழன்று விழுந்தால் அது யார் காலில் விழும் என்று எவரும் சொல்ல முடியாது.

நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் பள்ளியின் முகாம் பெட்டியைக் கொண்டுவந்திருப்பதாக இந்த முகாமின் தலைவர் அவர்கள் சொன்னார்கள். அவருடைய அனுமதியோடு, பந்தலுக்கு வெளியே அவற்றை வரிசையாகப் பரப்புவோம். முதலில் மூடிகளையும் காதுகளையும் பார்த்துவிட்டு, பிறகு எட்டுப் பேருக்கு அரிசி அளந்து, ஒரு குண்டானை அடுப்பில் ஏற்றிக் காட்டுகிறேன்.